பானெட்டைத் திறந்தவள்

தென்காசியில் ஆனி, ஆடி மாதங்களில் எது கெட்டுப்போனாலும் பழி சாரலுக்குத்தான். அப்பளம் நமத்துப்போனால் சாரல். கதவு இறுகினால் சாரல். பையன் பரீட்சையில் கோட்டை விட்டால்கூட, "இந்தச் சாரல்ல எவனுக்குப் படிக்கத் தோணும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் ஆட்கள் எங்கள் குத்துக்கல்வலசையில் உண்டு. அதனால் எங்கள் கார் போகிற வழியெல்லாம் அணைந்து அணைந்து நின்றபோது, மெக்கானிக் நல்லகண்ணு பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "சாரல் ஈரம்க்கா, ஆவணி பொறந்தா தானா சரியாயிரும்" என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. சீசன் நேரத்தில் அவர் பட்டறை வாசலில் கேரள வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எங்கள் பழைய வெள்ளைக் காருக்கு அவரிடம் ஏது நேரம்?

என் வீட்டுக்காரர் கிங்ஸ்லியின் அண்ணன் பிரின்ஸ் அத்தான் மட்டும் சாரல் மேல் பழி போடவில்லை. என் மேல் போட்டார்.

"வண்டியில ஒண்ணுமில்லம்மா. பெர்சிஸ் ஓட்டுதால்லா, அவளுக்குக் கிளட்ச் தெரியல. அதான் ஆஃப் ஆவுது," என்றார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவருடைய அம்மாவிடம், என் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார். என்னைப் பற்றி எதைச் சொல்வதானாலும் அவருக்கு இதுதான் வழக்கம்.

கார் என் மாமனார் வாங்கியது. அவர் போனபிறகு அத்தை, அதாவது என் மாமியார், பேருக்கு மாறிவிட்டது. கிங்ஸ்லி மஸ்கட்டில் இருப்பதால் ஓட்டுவது நான். குற்றாலத்தில் சீசனுக்குக் கடை போட்டிருக்கிறார்களே, துண்டு விற்பவர்கள், பழம் விற்பவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், அவர்களால் மதியம் கடையை விட்டு நகர முடியாது. நான் காலையில் சமைத்து, பார்சல் கட்டி, காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கு ஆள் கொடுத்துவிட்டு வருவேன். சோறும் குழம்பும் நிரம்பிய கூடைகளோடு பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோ பிடித்தால் ஆட்டோக்காரருக்குத்தான் சமைத்த மாதிரி இருக்கும். கார் இருந்தால் எனக்குத் தொழில் இருக்கிறது. கார் போனால் இல்லை. அதனால்தான் இந்தக் கதையே.

ஓடும்போது வண்டி ஒரு குறையும் சொல்லாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், ஒரு நடுக்கம் நடுங்கி அணைந்துவிடும். வேகத்தடை வந்தால் அணையும், மாடு குறுக்கே வந்தால் அணையும், ஆள் இறங்க நிறுத்தினால் அணையும். நான் ஒரே வலது காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்துக்கொண்டு, சர்க்கஸ்காரி மாதிரி குற்றாலம் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, எல்லாரும் காரில் மேலகரம் போனோம், அத்தையின் தங்கை வீட்டுக்கு. மேலகரம் திருப்பத்தில் எதிரே லாரி வந்தது. காலை எடுத்தேன். அணைந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. சாவியைத் திருப்புகிறேன், இருமுகிறது, திரும்ப அணைகிறது. கடைசியில் பிரின்ஸ் அத்தான் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். டீக்கடை வாசலில் நின்றவர்களெல்லாம் டிரைவர் சீட்டில் இருப்பது யார் என்று குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஓகோ, என்பது போலத் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அன்று சாயங்காலமே அத்தான் அறிவித்துவிட்டார். "கடையநல்லூர்ல ஒரு பார்ட்டி கேக்கான்மா. அடுத்த திங்கக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிருவான். முழுசாக் கெட்டுப்போறதுக்கு முன்னாடி தள்ளிவிட்டுருவோம்."

"வண்டியில கோளாறு இருக்கு அத்தான். அதைப் பாக்காம விக்கப் பாக்கிய," என்றேன்.

"கோளாறு இருந்தா நல்லகண்ணு சொல்லியிருப்பான்லா? அவன் சொல்லலியே. அப்ப ஓட்டுத ஆள்லதான் கோளாறு."

அத்தை ஒன்றும் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தால் வாய் எனக்கு முன்னால் போய்விடும். அன்றும் போனது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஐந்தருவிக்குப் போவோம். நான் ஓட்டுதேன், நீங்க பக்கத்துல உக்காருங்க, அத்தை பின்னால உக்காரட்டும். ஒரே ஒரு தடவை ஆஃப் ஆனாலும் சாவியை உங்க கையில தந்துட்டு எறங்கிருதேன். ஆவலைன்னா இந்த வண்டியை விக்கதைப் பத்தி நீங்க பேசக் கூடாது."

அத்தான் சிரித்தார். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவி ஏற்றம் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம். நின்றால் அணைகிற வண்டியை நிற்பதற்கென்றே உள்ள ரோட்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தை கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவ சொல்லுத மாதிரியே செய்யி," என்றார்.

மறுநாள் குற்றாலத்திலிருந்து திரும்பி வந்து, வீட்டு வாசலில் வண்டியை நியூட்ரலில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கேட்டைத் திறக்க இறங்கினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன், பின்னால் எஞ்சின் தானாக நடுங்கி அணைந்தது.

நான் திரும்பி நின்று வண்டியைப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆளும் இல்லை. கிளட்சை மிதிக்கக் காலும் இல்லை.

பக்கத்து வீட்டு ஹைருன் பீவி, காயாத துணியைச் சாரலுக்குப் பயந்து மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் செங்கோட்டைக்காரி, மாப்பிள்ளை தம்மாமில் ஏசி வேலை பார்க்கிறார். காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன பெர்சி, வண்டியைப் பாத்து மொறைச்சுட்டு நிக்கே?" என்று கேட்டாள்.

"ஹைருன், இப்ப வண்டியை யாரு ஓட்டுனா?"

"யாரும் ஓட்டலியே. நீ வெளியிலல்லா நிக்கே."

"அப்பறம் ஏன் ஆஃப் ஆச்சு?"

அவள் துணிக் கூடையைக் கீழே வைத்தாள். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வண்டி கெட்டுப்போயிருக்கிறது என்று உறுதியானதற்காகத் துள்ளிக் குதித்த பொம்பளை இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று மதியமே இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தமிழில் தேடியதில் வந்த வீடியோ ஆள்கள் பாதி நேரம் பெல் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு மலையாளச் சேட்டன் கிடைத்தார். மெதுவாக, அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமையோடு பேசினார். மலையாளம் தெரிந்த ஹைருன் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"ஆக்சிலரேட்டரை விட்டா உள்ள ஒரு தகடு காத்தை அடைச்சிருமாம். அப்ப எஞ்சின் மூச்சு விடுததுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வழி இருக்காம். அந்த வழியைத் திறந்து மூடுததுக்கு ஒரு வால்வாம். ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வுன்னு சொல்லுதாரு. அதுல அழுக்குப் புடிச்சா வழி அடைச்சிக்கிடும். வாசக் கதவைப் பூட்டியாச்சு, ஜன்னலும் திறக்கல, பெறவு உள்ள இருக்கவ என்ன செய்வா?"

"செத்துப்போவா."

"அதான் உன் வண்டி சாவுது."

தென்காசி ஸ்பேர்ஸ் கடையில் நின்று, சேட்டன் சொன்ன கிளீனர் ஸ்ப்ரே கேட்டேன். கடைக்காரர் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார். "மெக்கானிக் வரலியாம்மா?" என்றார். "வந்தாச்சு, உங்க முன்னாலதான் நிக்கி," என்றேன். அதன் பிறகு அவர் மரியாதையாக எந்த மாடல் என்று கேட்டு, சரியான டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

இதைச் செய்ய சனிக்கிழமை மதியம்தான் வாய்த்தது. அத்தை மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து, எஞ்சின் சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, கார் ஷெட்டில் பானெட்டைத் திறந்து கம்பியை முட்டுக்கொடுத்தேன். ஹைருன் டார்ச் பிடித்தாள். இத்தனை வருஷமாக நான் ஓட்டிய வண்டியின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறேன். எங்கே பார்த்தாலும் குழாய், ஒயர், இறுக்கிய கிளாம்ப். நம்முடைய ஊர் மின்கம்பம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது.

போனில் வீடியோவை ஓடவிட்டோம். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்று என்றார் சேட்டன். கழற்றினேன். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து போகிற தடித்த ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே போ, அது போய் முட்டுகிற இடத்தில்தான் உன் வேலை என்றார். குழாயைக் கழற்ற வசதியாக ஃபில்டர் பெட்டி மூடியைத் திறந்தேன். திறந்ததும் மூக்கில் அடித்தது வாசம். பெட்ரோல் வாசம் இல்லை, ஆயில் வாசம் இல்லை. எள் வாசம்.

ஃபில்டரை வெளியே எடுத்தேன். மடிப்பு மடிப்பாக உள்ள காகிதம், பணியாரச் சட்டி மாதிரி மினுமினுவென்று இருந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, நல்லெண்ணெய்.

"ஹைருன், இதுக்கு யாரோ எண்ணெய் தேச்சு விட்டிருக்காவ."

அவள் மோந்து பார்த்தாள். "குத்தாலத்துக்குப் போற வண்டில்லா. அருவியில தலையைக் கொடுக்கதுக்கு முன்னால எண்ணெய் தேச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, டார்ச் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே நல்லகண்ணுவுக்குப் போன் போட்டு, இந்த வேலையைச் செய்தது நீங்களா என்று கேட்டேன். அவர் பதறிவிட்டார். "யக்கா, பேப்பர் ஃபில்டர்ல எவனாவது எண்ணெய் விடுவானா? எண்ணெயெல்லாம் காத்தோட உள்ள போயி வால்வுல போயி பிசினா அப்பிக்கிடுமே! நான் எதுக்குக்கா அப்படிச் செய்யேன்?" அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. யார் செய்திருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வால்வு.

அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ரப்பர் குழாய் முட்டுகிற இடத்தில் அலுமினியத்தில் ஒரு கழுத்து. அதன் பக்கவாட்டில் கறுப்பாக, ஒயர் செருகி, ஒரு சின்னப் பெட்டி. இதுதான் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டேன். வைத்ததுதான் தாமதம், போனில் சேட்டன் கையை வீசினார்.

"தொடல்லே, தொடல்லேன்னு கத்துதாரு! அது இல்லையாம், அது வேற என்னமோ சென்சாராம். அதைக் கழட்டினா பெறவு நல்லகண்ணு வீட்டு வாசல்லதான் போயி நிக்கணுமாம்."

"நல்லகண்ணுன்னா சொன்னாரு?"

"அதை நானா சேத்துக்கிட்டேன்."

கழுத்தின் மேலே பார்த்தேன், இல்லை. இந்தப் பக்கம் பார்த்தேன், இல்லை. விரலை அடியில் விட்டுத் துழாவினேன். ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது, ஆனால் கண்ணுக்கு எட்டவில்லை. ஹைருன் உள்ளே ஓடிப்போய், பவுடர் டப்பாவில் இருக்கும் சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து வந்தாள். அதை அடியில் நீட்டி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடிக்குள் தெரிந்தது. கட்டை விரல் தடிமனில் ஒரு உருளை, வாலில் ஒயர், இரண்டு ஸ்க்ரூ. இத்தனை நாளாக என்னை ஊர் முன்னால் தலை குனிய வைத்த சண்டாளன் இவ்வளவுதான் இருந்தான்.

"கண்டேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

ஒரு ஸ்க்ரூ சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னொன்று என் கோபத்தைச் சோதித்தது. திருகத் திருக டிரைவர் வழுக்குகிறது, தலை தேய்கிறது. கையில் ரத்தம் வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் வந்தது, அதை இங்கே எழுத முடியாது. சாப்பாட்டுப் பார்சலுக்குப் போடும் ரப்பர் பேண்ட் என் மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும். அதில் தடிப்பாக ஒன்றை எடுத்து, ஸ்க்ரூ தலைக்கும் டிரைவருக்கும் நடுவில் வைத்து, என் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தித் திருகினேன். கிரீச் என்று ஒரு சத்தம். அசைந்தது. அடுத்த சுற்றில் விரலாலேயே கழன்று வந்தது.

வால்வை வெளியே இழுத்தேன். அதன் முனையில் ஒரு குமிழ் உண்டு, முன்னும் பின்னும் நகர்ந்து காற்று வழியைத் திறந்து மூடுவது அதுதான். அந்தக் குமிழைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், வடை சுட்ட எண்ணெய்ச் சட்டியின் அடியில் பிடித்திருக்குமே, அதே கறுப்புப் பிசின் பிடித்திருந்தது. மோந்து பார்த்தேன். கருகியிருந்தாலும் எள் வாசம் போகவில்லை.

"பதுக்கெ, பதுக்கென்னு சொல்லுதாரு. மெதுவாச் செய்யணும். அந்தக் குமிழை உள்ள அமுக்கக் கூடாதாம். ஒயர் பக்கம் ஸ்ப்ரே படக் கூடாதாம்."

மெதுவாகச் செய்வது என் பிறவியிலேயே கிடையாது. அன்றைக்குச் செய்தேன். ஸ்ப்ரேயை அடித்தேன், அழுக்கு கட்டன் சாயா மாதிரி கறுப்பாக ஒழுகியது. பழைய டூத் பிரஷால் சுற்றிலும் தேய்த்தேன், மறுபடி அடித்தேன். பிசின் இளகி, அடியில் பித்தளை நிறம் எட்டிப் பார்த்தது. வால்வு உட்காருகிற குழியிலும் துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்தேன், கறுப்புக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. கடைசியாக விட்ட துணி வெள்ளையாகவே திரும்பி வந்தபோது, காது குத்தின பிள்ளை அழுகையை நிறுத்தினதும் தாய்க்கு வருமே, அப்படி ஒரு நிம்மதி வந்தது.

எல்லாவற்றையும் காயவைத்தோம். ரப்பர் வளையம் கிழியவில்லை என்று பார்த்துக்கொண்டு மறுபடி பொருத்தினேன். புது ஏர் ஃபில்டர் வாங்கிவர ஹைருன் ஸ்கூட்டியில் போய்விட்டு வந்தாள். பேட்டரியை மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

முன்னே அணைந்தாவது ஓடிய வண்டி. அதையும் நானே கெடுத்துவிட்டேனா? பிரின்ஸ் அத்தான் என்னவெல்லாம் சொல்வார் என்பது வரிசையாகக் காதில் கேட்டது. ஹைருன் பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஸ்ப்ரே உள்ள நிக்கும்னு சொன்னாருல்லா. விடாதே, இன்னொரு தடவை திருப்பு," என்றாள்.

திருப்பினேன். பிடித்தது. வெள்ளைப் புகையைத் தள்ளிக்கொண்டு, ஷெட்டே அதிரும்படி உறுமியது. ஏறியது, இறங்கியது, ஏறியது. நான் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன், தப்பித் தவறிக்கூட எதையும் மிதித்துவிடக் கூடாது என்று. உறுமல் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கி, நடுங்கி, இதோ போகப்போகிறது என்று நான் கண்ணை மூடியபோது, போகவில்லை. ஒரே சீராக நின்று ஓட ஆரம்பித்தது.

இறங்கிப்போய் ஹைருன் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஆள் இல்லாமல் வண்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கறுப்புக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் நைட்டியில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் ஐயர் நீளமாகப் பிரசங்கம் செய்தார். அது என் காதில் விழவில்லை. கோயிலிலிருந்து நேரே கிளம்பினோம். அத்தை பின் சீட்டில் ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். அத்தான் என் பக்கத்தில், சாவியை வாங்கிக்கொள்ளத் தயாராகக் கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். வால்வைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

தென்காசி தாண்டினோம், மேலகரம் தாண்டினோம். காலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். வண்டி அணையவில்லை. "இங்கன கூட்டமில்ல, அதான்," என்றார். மெயின் அருவிக்கு முன்னால் கூட்டம் இருந்தது. "இது சமதரை, அதான்," என்றார். ஐந்தருவி ரோட்டில் திரும்பியதும் கூட்டத்துக்கும் குறைவில்லை, ஏற்றத்துக்கும் குறைவில்லை. முன்னால் கேரள டூரிஸ்ட் பஸ், பின்னால் வேன், இரண்டு பக்கமும் ஈரத் தலையோடு ஜனங்கள். சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக விழுந்தது. பஸ் நின்றது. நானும் நின்றேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, இரண்டு காலையும் பெடல்களிலிருந்து எடுத்து அத்தான் பார்க்கும்படி பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நகரவே இல்லை.

அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திடீரென்று சட்டைக் காலரை விரித்து, "ரொம்ப வேர்க்குதே," என்று சொல்லி ஏசி பட்டனை அமுக்கினார்.

"ஏலே, சாரல்ல பல்லு தந்தி அடிக்கி, உனக்கு வேர்க்குதா?" என்றார் அத்தை.

அவருக்கு வேர்க்கவில்லை. ஏசியைப் போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடும், இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போய்விடும் என்பது அவர் கணக்கு. எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்தது. என் மூச்சும் கூடவே தாழ்ந்தது. கர்த்தாவே, கழுவினது போதுமா? அடுத்த கணம் எஞ்சின் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டது. உள்ளே எங்கேயோ, பித்தளை நிறத்தில் ஒரு குமிழ் பின்வாங்கிக் காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. குளிர்ந்த காற்று அத்தான் முகத்தில் அடித்தது. அவர் தும்மினார்.

அரை மணி நேரத்துக்கு மேல் அந்த ஏற்றத்தில் ஊர்ந்தோம், நின்றோம், ஊர்ந்தோம். ஒரு தடவைகூட அணையவில்லை. அருவிச் சத்தம் கேட்கிற தூரம் வந்ததும், அத்தான் தொண்டையைச் செருமினார். தோற்றுப்போனால் பேசாமல் இருக்கலாம் அல்லவா? அது அவருக்குத் தெரியாது.

"பாத்தியளாம்மா, வண்டி எப்படி நிக்கின்னு? எல்லாம் நான் செஞ்ச வேலை. சீசன் தொடங்குததுக்கு முன்னாடியே ஏர் ஃபில்டரை எடுத்து நல்லெண்ணெய் தேச்சு வச்சேன். சாரல் ஈரம் உள்ள ஏறாதுல்லா. நாம தலையில தேச்சுட்டுக் குளிச்சா தண்ணி புடிக்குதா? அதே மாதிரிதான். அது இப்பதான் வேலை செய்யுது."

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். வாய் இந்தத் தடவையும் எனக்கு முன்னால் போனது.

"அத்தான், அந்த எண்ணெயை ஊத்தினது நீங்களா? அதுதான் காத்தோட உள்ள போயி, கருகி, வால்வை அடைச்சு வச்சிருந்திச்சு. காலை எடுத்தா எஞ்சினுக்கு மூச்சு விட வழியில்ல. நேத்து நானும் ஹைருனும்தான் கழட்டிக் கழுவினோம். நீங்க எண்ணெய் தேச்ச ஃபில்டர் டிக்கியில கெடக்கு, எறங்கி மோந்து பாருங்க. என் கிளட்சுல ஒண்ணுமில்ல. வண்டியைக் கெடுத்தது நீங்க, ஏச்சு வாங்கினது நான்."

பின் சீட்டிலிருந்து அத்தை முன்னால் சாய்ந்தார்.

"ஏலே பிரின்சு, எந்த எண்ணெய்?"

"அடுக்களையில இருந்துதும்மா."

"என் செக்கெண்ணெயா? பாட்டில்ல பாதியைக் காணலைன்னு நான் இவளையில்லா ஏசினேன்!"

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி ரம்புட்டான் பழக் கடையைப் பார்த்தார். அத்தை விடவில்லை. "அந்தக் கடையநல்லூர்க்காரனுக்குப் போனைப் போடு," என்றார்.

"வீட்டுக்குப் போயி பேசிக்கிடுதேன்மா."

"இப்பவே போடு. ஸ்பீக்கர்ல போடு. வண்டி விக்கதுக்கு இல்லன்னு சொல்லு."

போட்டார். அந்தப் பக்கம் ஆள் எடுத்தான். அத்தான் மெல்லிய குரலில், வண்டி விற்பதற்கு இல்லை என்றார். "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? ஓட்டுத ஆளு சரியில்லன்னுல்லா சொன்னிய?" என்று கேட்டான் அவன், கார் முழுக்கக் கேட்கும்படி.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அத்தை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டுத ஆளு நல்லாத்தான் ஓட்டுதா," என்றார் அத்தான். "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

போனை வைத்தார். முன்னால் பஸ் நகர்ந்தது. நான் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஏற்றத்தில் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் வண்டியை எடுத்தேன். அத்தை சாய்ந்து உட்கார்ந்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி அந்த பானெட்டை எவன் திறந்தாலும் பெர்சிஸ்ட்ட கேட்டுட்டுத்தான் திறக்கணும்," என்றார். "கேட்டுச்சாலே?"

"கேட்டுச்சும்மா," என்றார் அத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். ரோட்டோரம் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவர்கள் டிரைவர் சீட்டில் யார் என்று குனிந்து பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டேன்.